மறுபக்கம் குதித்தவர்

எங்காடின் பள்ளத்தாக்கு,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு.

மதிப்பிற்குரிய வீப்கே அவர்களுக்கு,

குர்டினின் மனைவி மெங்கியா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கீல் நகரில் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டாம் புல்லறுப்பு முடிந்துவிட்டது. மழைக்கு முன்னால் புல்லை உள்ளே சேர்த்துவிட்டோம். குர்டின் டிராக்டரில் உட்கார்ந்தபடி எல்லோரையும் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே பொருத்திய கால் அவருக்குப் பழகிவிட்டது. இனி ஒரு கால்தான் குளிரும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். யாராவது சிரிக்காமல் பரிதாபமாகப் பார்த்தால் கோபம் வந்துவிடுகிறது.

உங்கள் பார்சல் போன வாரம் வந்தது. கயிறு, பனிக்கோடரி, காலணியில் மாட்டும் பனிமுட்கள், இடுப்புப் பட்டை எல்லாம் இருந்தன. இனி மலையேறப்போவதில்லை, குர்டினின் தங்கை லதீனாவிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் யாருக்காவது பயன்படட்டும், மன்னியுங்கள் என்று ஒரு சீட்டும் இருந்தது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

மனதில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன செப்டம்பருக்குப் பிறகு வெகுநாள் உங்கள் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராமல் திரும்பினீர்கள் என்று லதீனா சொன்னபோது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அன்று என் கண்ணில் பட்டிருந்தால் வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பேன்.

மலைமுகட்டில் ஏறக் கற்றுத்தரும் அந்தப் பயிற்சியை விட்டுவிடும்படி அவரோடு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். புதியவர்கள் பயந்துகொண்டு சொன்னபடி கேட்பார்கள். நன்றாக ஏறத் தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போவதுதான் எனக்கு எப்போதும் பயம். நீங்கள் செய்த பிழையும் பழகியவர் செய்யும் பிழைதான். எதிரே வந்த இருவருக்கு வழிவிட ஓரடி இடப்பக்கம் ஒதுங்கினீர்கள். புதியவராக இருந்தால் நின்ற இடத்தைவிட்டு அசைந்திருக்க மாட்டார். அந்த ஓரடிக்குக் கீழே பாறை இல்லை. காற்று வெளியே தள்ளிச் சேர்த்த வெறும் பனிதான் இருந்தது.

ஒவ்வொரு பயிற்சியிலும் முதல்நாள் மாலை, மலைக்குடிலில் பார்லி சூப் குடிக்கும்போது அவர் சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும். "கயித்துல ஒருத்தர் அந்தப் பக்கம் விழுந்தா, இன்னொருத்தர் இந்தப் பக்கம் குதிச்சிடணும். யோசிக்கக் கூடாது. யோசிச்சா ரெண்டு பேரும் ஒரே பக்கம் போய்ச் சேருவோம்." எல்லோரும் சிரிப்பார்கள். அதுவரை ஒருமுறைகூட அப்படிக் குதிக்க வேண்டி வந்ததில்லை. இந்த மனுஷன் சொல்கிறாரே, சமயத்தில் செய்வாரா என்று எனக்கே சந்தேகம் இருந்தது.

செய்துவிட்டார். நீங்கள் இடப்பக்கம் விழுந்தீர்கள், அவர் வலப்பக்கம் குதித்தார். முகட்டின் குறுக்கே விழுந்த கயிறு இருவரையும் தாங்கிக்கொண்டது. உங்கள் பக்கம் பனி இருந்தது. அவர் பக்கம் பாறை இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

பிறகு நீங்கள் செய்ததை அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். கயிற்றைப் பிடித்து மேலே ஏறி வந்தீர்களாம். அந்த இருவரையும் சேர்த்துக்கொண்டு அவரை இழுத்து, காலைக் கட்டி, ஹெலிகாப்டர் வரும்வரை தூங்கவிடாமல் திட்டிக்கொண்டே இருந்தீர்களாம். "கண்ண மூடினே, நானே உன்னைக் கீழ தள்ளி விட்டுடுவேன்" என்றீர்களாமே. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

பார்சலைச் சமையலறை மேசையில் வைத்துத்தான் பிரித்தார். சீட்டைப் படித்தார், மறுபடியும் படித்தார். சாப்பாட்டைத் தொடவில்லை. கால் வலி என்று நினைத்தேன். "நீங்கன்னு எழுதியிருக்கா, பாத்தியா?" என்றார். இங்கே குடிலுக்கு மேலே போய்விட்டால் நீதிபதியானாலும் நீ, பால்காரரானாலும் நீ. ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டவர்கள் கீழே இறங்கினாலும் அதை மாற்றிக்கொள்வதில்லை. உங்களுக்கும் அது தெரியும்.

பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார். "அவ இனிமே ஏறவே மாட்டான்னா, நான் எதுக்குக் குதிச்சேன், மெங்கியா?"

கால் போனதற்கு அழாத மனிதர் அன்று அழுதார்.

தன் கோடரியை வசந்த காலத்திலேயே யாருக்கோ கொடுத்துவிட்டார். அது தொங்கிய ஆணியில் இப்போது உங்கள் கோடரி தொங்குகிறது. உங்கள் பனிமுட்களை எடுத்துவைத்துக்கொண்டு அரத்தால் தீட்டுகிறார். லதீனா கேட்டபோது கொடுக்கவில்லை. யாருக்காகத் தீட்டுகிறாய் என்று அவள் கேட்டதற்குத் துருப்பிடித்துவிடும் என்றார்.

செப்டம்பர் நடுவில் பயிற்சி தொடங்குகிறது. லதீனாதான் கூட்டிப்போகிறாள். நீங்கள் பாதியில் விட்ட அந்த முகடுதான் கடைசி நாள். குர்டினும் குடிலுக்கு வருகிறார். பள்ளத்தாக்கின் கடைசிவரை குதிரை வண்டி, அதற்கு மேலே ஊன்றுகோல். டாக்டர் வேண்டாம் என்றதற்குக் குடிலில் சூப் நன்றாக இருக்கும் என்கிறார். வாசலில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு அவர் யாரைத் தேடப்போகிறார் என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்குப் பயம் இருக்காது என்று நான் நினைக்கவில்லை. பயமாக இருந்தால் முகட்டில் பாதி வழியில் திரும்பிவிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கீலில் இருந்துகொண்டே திரும்பிவிட வேண்டாம், அவ்வளவுதான். மன்னிப்பு கேட்டிருந்தீர்கள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் முழு மனசு வரவில்லை. ஆனால் அவருடைய அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. உங்களால் மட்டும்தான் முடியும்.

எங்கள் வீடு குடிலுக்கு வெகு கீழேதான் இருக்கிறது. இருந்தாலும் நீ என்றே கூப்பிடுகிறேன். வா, வீப்கே. உன் கோடரியை நீயே வந்து எடுத்துக்கொள்.

உன் இரண்டு கால்களையும் ஆண்டவர் காக்கட்டும்.

மெங்கியா