இணைச்சீர்ச் சேலையும் என் தேதியும்

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. ஆடிக் காற்று நின்றுவிட்டது. துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிப் பதிவேடு. ஒன்பது பேர். எல்லோரிடமும் அதே கேள்வி: "கடைசியா எப்பக் குளிச்ச?" டக்கென்று மாதவிலக்குத் தேதி சொல்கிறார்கள். எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாக இந்த ஐந்து ஊர்ப் பெண்களின் தேதியெல்லாம் என் கையெழுத்தில்தான். என் தேதி எனக்குத் தெரியாது.

மதியம் அம்மா போன். செந்திலுக்கு நாள் வைத்தாகிவிட்டதாம். செப்டம்பர் நாலு, வியாழன். நாற்பத்தொரு வயதில் என் தம்பிக்குக் கல்யாணம். ரிக் வண்டியோடு ஆந்திரா, சத்தீஸ்கர் என்று போர்வெல் போடப் போகிறவனுக்கு எட்டு வருடமாகப் பெண் தேடினோம். அவன் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு நான் ஏறாத படி இல்லை. கேட்டதும் அழுகை வந்துவிட்டது. இப்போதெல்லாம் சோற்றில் உப்புக் குறைந்தாலும் அழுகை வருகிறது, அது வேறு.

அம்மா விடவில்லை. "பொண்ணுக்கு இருவத்தஞ்சாந் தேதிக்குள்ள முடிஞ்சுருமாங் கண்ணு. அதக் கேட்டுத்தான் நாளே வெச்சுது. உனக்கு எப்ப?"

"தெரியலீங்மா."

"ஊருக்கெல்லாம் தேதி எழுதறவ, உனக்குத் தெரியலைங்கற?"

இந்த வருடம் எனக்கு வந்த லட்சணம்: ஜனவரி ஒழுங்கு. பிப்ரவரியில் இரண்டு தடவை. மார்ச், ஏப்ரல் ஒன்றுமில்லை. மே மாதம் பதினோரு நாள், கட்டி கட்டியாக. ஜூன் இல்லை. ஜூலையில் ஒரே ஒரு நாள், அதுவும் பஸ்ஸில். இதை வைத்துக்கொண்டு எந்த ஜோசியக்காரன் நாள் குறிப்பான்?

ஆகஸ்ட் 14, வியாழன்

புழுக்கம். அம்மா வீட்டுக்குப் போய் வந்தேன். இளம்பிள்ளையில் எடுத்த பட்டு. மயில்கழுத்துக் கலர். இணைச்சீருக்கு எனக்கு.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலிக்கு முந்தி மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவளோடு செய்யும் சீர் அது. சேலையின் ஒரு தலைப்பு அவனிடம், மறு தலைப்பு அக்காவிடம். அருமைக்காரர் முன்னால் நின்று செய்து வைப்பார். அக்கா இல்லாமல் தம்பிக்குத் தாலி கட்டும் யோகம் இல்லை. நான் கல்யாணமாகிப் போனபோது செந்தில் பள்ளிக்கூடம் போகிற பையன். அப்பா செத்த வருடம் அவனை என்னோடு வைத்துப் படிக்க வைத்தேன். எனக்குப் பிள்ளை இல்லை. இந்தச் சீர் ஒன்றுதான் ஊருக்கு முன்னால் "இவன் என் பிள்ளை" என்று நான் சொல்லிக்கொள்ளக் கிடைத்த இடம்.

சேலையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா ஆரம்பித்தார். "எதுக்கும் இருக்கட்டும்னு கோமதிகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன் சாமி."

கோமதி சித்தப்பா மகள். முப்பத்தெட்டு வயது. இருபத்தெட்டு நாள் தப்பாதாம். பத்தாம் தேதிக்கு மேல்தான் அவளுக்கு என்று அம்மா கேட்டே வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. ஸ்பேர் டயர் மாதிரி அவளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அம்மா கொடுத்த காபியைக் குடித்தேன். காபி குடித்ததும் உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி. முகம், கழுத்து, காது. அம்மா முந்தானையால் விசிறினார். விசிறிக்கொண்டே, "நாள் தள்ளற மாத்திர ஒண்ணு இருக்குதாமா?"

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை. முட்டிவலி. மறதி. வண்டிச் சாவியைத் தடுப்பூசிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அரை மணி நேரம் தேடினேன்.

காலையில் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு வகுப்பு. "இது தீட்டு இல்லை. மூச்சு விடுவது மாதிரி இயற்கை. யாரும் ஒதுக்கி வைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்." வருஷா வருஷம் சொல்வதுதான். நடுவில் வேர்த்துக் கொட்டியது. முன் பெஞ்சுப் பெண் ஒன்று, "டீச்சர், ஃபேனுக்கு இக்கட்ட வந்து நில்லுங்க" என்றது. நல்ல பிள்ளை. நன்றாக இருக்கட்டும்.

அங்கேயிருந்து டாக்டரம்மாவிடம். பி.பி. 150/96. மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "சிஸ்டர், நீங்களே இப்படிக் கேட்டா எப்படிங்க? நாப்பத்தேழு வயசு, பி.பி. வேற. ஹீமோகுளோபின் ஒம்பதுகூட இல்ல. மொதல்ல ஸ்கேன் எடுங்க. தம்பி கல்யாணத்துக்கு உங்க உடம்பு என்ன பண்ணுச்சு?"

சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டு நேராக மருந்துக்கடைக்குப் போனேன். நம்ம ஊர்க் கடையில் வாங்கினால் நர்சம்மா என்ன வாங்கினாள் என்று பேசுவார்கள். நாமக்கல் போய் வாங்கினேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நேற்று முதல் மாத்திரை. தினம் மூன்று.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "உனக்கு இன்னுமா அது நிக்கல?" என்றார். இருபத்தைந்து வருடம் கூடப் படுத்த மனுஷன். போன மாதம் படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார். நான் ஃபேனை வேகமாக வைக்கிறேனாம், அவருக்குச் சளி பிடிக்கிறதாம்.

கொடிக்கால் பக்கம் கள ஆய்வு. வெற்றிலை கிள்ளும் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். வயிறு வலிக்கிறது என்று ஒருத்தி வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

இன்றைக்குச் சாப்பிட்டது: ரசம், அப்பளம், இந்த மாத்திரை. வேறு எதுவும் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தலைவலி. பின்மண்டையில் ஆணி அடிப்பது மாதிரி. கால் வீக்கம், விரலை வைத்து அழுத்தினால் குழி. மார் கனக்கிறது. ஜாக்கெட் ஏறவில்லை, தையற்காரரிடம் பிரிக்கக் கொடுத்தேன். "ரெண்டு வாரத்துல உடம்பு போட்டுட்டீங்களே நர்சம்மா" என்று சிரித்தார். அந்த ஊசியாலேயே குத்தலாம் போல் இருந்தது.

இதே மாத்திரையை ஆடிப் பண்டிகைக்காகப் போட்ட பெண்களை நான் எப்படித் திட்டியிருக்கிறேன். "சாமி கேட்டுச்சா உன்னைய?" என்று கேட்டிருக்கிறேன். வெட்கங்கெட்டவள் நான்.

செந்தில் வீட்டுக்கு வந்தான். ஆறு மாதம் கழித்துப் பார்க்கிறேன். கறுத்துப் போயிருக்கிறான். போன தடவை ரிக்கில் இரும்பு ராடு நழுவி அவன் தோளில் பட்டது, ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் மண்டை. தழும்பைக் காட்டவே மாட்டான். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, "அக்கா, சீருக்கு நீங்கதான நிப்பீங்க? வேற யாரும் வேண்டாமுங்க்கா" என்றான்.

இதற்காக இன்னும் பத்து மாத்திரை போடலாம்.

செப்டம்பர் 3, புதன்

மண்டபம். பரமத்தி வேலூர். சாயங்காலம் தூறல், பந்தலில் ஒழுகல், சமையல்காரர் கத்தல். பெண் வீட்டார் வந்தாயிற்று. பெண் ஒல்லியாக, சாதுவாக இருக்கிறாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

ஆறு மணிக்கு பாத்ரூமில் பார்த்தேன். பட்டுவிட்டது. மாத்திரை போட்டும். ஒரு வேளைகூடத் தவறவில்லை. கறை கொஞ்சம்தான், ஆனால் அதுதான்.

மணமகன் அறையில் மூலையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். யாரிடமும் சொல்லப் போவதில்லை. முடிவு பண்ணிவிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னதை எனக்கே சொல்லிக்கொண்டேன். மூச்சு விடுவது மாதிரி. பெரிய பேட் இரண்டு வைத்தால் தெரியாது. யாருக்கும் எக்ஸ்ரே கண் கிடையாது.

செப்டம்பர் 4, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் பட்டுச் சேலையைக் கட்டி, பூ வைத்து, எல்லாம் தயார். செந்தில் வேட்டியை இறுக்கிக் கட்டத் தெரியாமல் நின்றான். சட்டை போடாத தோளில் அந்தத் தழும்பு. பார்த்ததும் என் தைரியமெல்லாம் ஓடிவிட்டது. அடுத்த வாரம் மறுபடி அந்த ராடுக்கு அடியில் போய் நிற்பான். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? என்னால்தான் என்று எனக்கே தோன்றாதா? இருபத்திரண்டு வருட உத்தியோகம், படிப்பு, வகுப்பு, ஒன்றும் உதவவில்லை. அம்மாவைக் கதவுக்குப் பின்னால் கூப்பிட்டேன்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சேலையக் கழட்டு சாமி. நேரமாச்சு." அவ்வளவுதான்.

என் உடம்புச் சூடு ஆறாத சேலை கோமதி மேல் ஏறியது. எனக்குப் பிரித்த ஜாக்கெட் அவளுக்குத் தொளதொளவென்று, முதுகில் ஊக்குக் குத்தினார்கள். நான் பழைய சுங்குடியில் கடைசி வரிசைக்கும் பின்னால், தண்ணீர் கேன் பக்கம். அங்கேயிருந்து பார்த்தால் அருமைக்காரரின் தலைப்பாகை தெரிந்தது. கோமதியின் கை தெரிந்தது. செந்தில் முகம் தெரியவில்லை. அவன் திரும்பித் திரும்பித் தேடினான் என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு டிபன் சாப்பிடப் போனார்.

தாலி கட்டியாயிற்று. கெட்டிமேளம் கேட்டுத்தான் தெரிந்தது. நான் அப்போது பாத்ரூமில். ஓவென்று அழுதேன், மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது.

முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது கதவை யாரோ தட்டினார்கள். கோமதி. இணைச்சீர்ச் சேலையோடு, நெற்றியில் சீர்க் குங்குமத்தோடு. உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டாள்.

"அக்கா, உங்ககிட்டப் பேடு இருக்குதுங்களா?"

யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்குத்தானுங்க. நேத்துக் காத்தாலயே வந்துருச்சு, இந்தத் தடவ முன்னாடியே. அத்தன பேரு நிக்கையில எப்படிங்க்கா சொல்றது? பெரியம்மா சேலையக் கையில குடுத்துட்டாங்க." சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதுல ஒண்ணும் படலீங், பாத்துட்டேன்" என்றாள்.

பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

"யாருகிட்டயும் சொல்லீராதீங்க்கா."

செப்டம்பர் 5, வெள்ளி

லீவு. வெயில். ரத்தம் அதிகம், மாத்திரையை நிறுத்திவிட்டேன். கால் வீக்கம் வடியவில்லை. திங்கட்கிழமை ஸ்கேன், டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டினார். திட்டட்டும்.

செந்தில் காலையில் பேசினான். நல்லா இருக்கியா சாமி என்றேன். "நீங்க ஏனுங்க்கா சொன்னீங்க? கம்முனு இருந்திருக்கலாமில்லீங்க?" என்றான். புதுப் பொண்ணு சாப்பிட்டாளா என்று கேட்டேன்.

மத்தியானம் அம்மா. குரலில் அத்தனை நிம்மதி. மருமகள் விளக்கேற்றினாளாம், பால் பொங்கியதாம்.

"நீ மறைக்காமச் சொன்ன பாரு, அதாங் கண்ணு நம்மளக் காப்பாத்துச்சு. கோமதி சுத்தபத்தமா நின்னு முடிச்சுக் குடுத்துட்டா. நாளைக்கு மருமகளுக்கு வளகாப்புன்னு வந்தா மொத வளையலையும் அவளையே போடச் சொல்லீர்லாம்னு இருக்கறேன். உன்னுதுதான் எப்பன்னு நிச்சயமில்லையே. என்ன சொல்ற?"

நாக்கு நுனி வரை வந்தது.

சரிங்மா என்றேன்.