கோரன் திருவிழாவும் முப்பத்தொரு வீடுகளும்

பிப்ரவரி 4, செவ்வாய்

சுவரொட்டி நாலாவது தடவையாகத் திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை குறை செம்மறியாடு. பள்ளத்தாக்கின் படத்தில் ஒரு மூலையில் மூன்று ஆடுகள் மேய்கின்றன. அவற்றை எடுத்துவிட வேண்டுமாம். விழாக் குழுத் தலைவர் டார்க்வில்லின் உத்தரவு. "குலத்தோட வீரத்தைச் சொல்ற படத்துல ஆடு எதுக்கு மார்சலி? நாம என்ன கம்பளிச் சந்தையா நடத்துறோம்?" முப்பது வருடம் தீவுப் படகின் கேப்டனாக இருந்தவர். கையில் ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் இருப்பது போலத்தான் பேசுவார்.

ஆறு வருடம் நின்றுபோன கோரன் குலத் திருவிழாவை ஆகஸ்ட் 9 அன்று மறுபடி நடத்துகிறோம். கனடா, நியூசிலாந்து என்று எங்கெங்கோ இருக்கிற மக்கோரன்கள், அதாவது எங்கள் குலத்தார் எல்லாரும் வர வேண்டும். செயலாளர் நான். கூட்டத்தில் மூக்கைச் சொறிந்தேன், அதைக் கை தூக்கியதாக எழுதிக்கொண்டார்கள் என்று ருவாரி ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். இப்படி ஒரு கணவன்.

சுவரொட்டியின் தலைப்பு "வீட்டுக்கு வாருங்கள்." அதில் மட்டும் யாருக்கும் குறையில்லை.

பிப்ரவரி 20

நான் ஓட்டுகிற நூலக வண்டியில் ஏழு ஊர். பதினோரு சுவரொட்டி ஒட்டினேன். நான் திரும்பி வருவதற்குள் ஐந்தைக் காற்று கொண்டுபோய்விட்டது.

மார்ச் 6, வியாழன்

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் பிரித்தேன். கனடாவில் கேப் பிரெட்டனிலிருந்து ரெட்டா என்கிற அம்மாள் எழுதியிருக்கிறார். எழுபத்தெட்டு வயது. நாற்பத்து மூன்று பேர் வருகிறார்களாம். எல்லாரும் அக்னாபே கிராமத்து வம்சம். மலைக்கு மேலே இருந்த அந்தக் கிராமத்தை 1843-ல் குலத்தலைவரே காலி செய்தார். தன் குலத்து ஆட்களைத்தான், தன் ஆடுகள் மேய்வதற்காக. கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் அங்கே போனதும் முப்பத்தொரு வீட்டுக்காரர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்தார்கள். அந்தத் தாளின் நகலையும் வைத்திருந்தார்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். தொடக்க விழாவில் பத்து நிமிடம். அந்தப் பெயர்களை வாசிக்க வேண்டும்.

அதே மேடையில் சர் லக்லன் மக்கோரன் உட்கார்ந்திருப்பார். இன்றைய குலத்தலைவர். காலி செய்தவரின் ஐந்தாவது தலைமுறை.

மார்ச் 18, செவ்வாய்

கூட்டம். ஐந்துக்கு இரண்டு. மறுத்துவிட்டார்கள்.

"இது திருவிழாவா, இழவு வீடா?" என்றார் டார்க்வில். "சர் லக்லன் சும்மாவா வர்றாரு? கெஞ்சிக் கூத்தாடி வரவழைச்சிருக்கோம். அவர் மூஞ்சிக்கு நேரா இதை வாசிக்கச் சொல்றியா?"

"பேரு தானேங்க. ஒரு குத்தமும் சொல்லலையே."

"பேரைச் சொன்னாலே குத்தம் சொன்ன மாதிரிதான், உனக்குத் தெரியாதா?"

தெரியும். மறுப்புக் கடிதம் செயலாளர்தான் எழுத வேண்டுமாம். கடுப்பாக வருகிறது.

மார்ச் 24

"நிகழ்ச்சி நேரம் மிகவும் நெருக்கடியாக இருப்பதால்—" என்று எழுதி அனுப்பிவிட்டேன். நெருக்கடியா? கயிறு இழுக்கும் போட்டிக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

ஏப்ரல் 15

ரெட்டா பதில் எழுதிவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. "பரவாயில்லை, மகளே. எப்படியும் வருகிறோம். அந்த இடம் எங்கே என்று மட்டும் யாராவது கை காட்டினால் போதும்." மகளே என்று எழுதியிருக்கிறார். எனக்கே ஐம்பத்தேழு ஆகிறது.

மே 9, வெள்ளி

இந்த வாரம் நடந்தவை: பேக்பைப் வாத்தியக் குழு வர முடியாதாம், அதே நாளில் பெரிய ஊரில் பெரிய போட்டி. மைதானத்தின் கீழ்ப்பாதி இன்னும் குளமாகக் கிடக்கிறது. மரம் தூக்கி எறியும் போட்டிக்கென்று பதப்படுத்தி வைத்திருந்த பைன் மரத்தை, கூடாரம் போட்டுத் தங்கிய யாரோ சுற்றுலாக்காரர்கள் அறுத்துக் குளிர் காய்ந்துவிட்டுப் போய்விட்டார்கள். பதினெட்டடி மரம்! உட்கார்ந்து அறுத்திருக்கிறார்களே, ஒருத்தன் கண்ணில்கூடவா படவில்லை?

சர் லக்லனின் உதவியாளரிடமிருந்து மூன்று மின்னஞ்சல். அவருடைய கூடாரம் நடு மைதானத்தில் இருக்க வேண்டும். தரை விரிப்பு வேண்டும். அவருக்கு முன்னால் யாரும் கொடி பிடித்து நடக்கக் கூடாது, டார்க்வில்லைத் தவிர. இந்தக் கடைசி வரியை டார்க்வில் எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். தன் மக்வரிஷ் வீட்டார்தான் குலத்தலைவருக்குக் கொடி தூக்கும் பரம்பரை என்பது அவர் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை. சொல்லும்போது மனிதருக்குக் குரலே மாறிவிடுகிறது.

ஜூன் 1, ஞாயிறு

கை காட்டவாவது எனக்கு இடம் தெரிய வேண்டாமா? ருவாரியோடு அக்னாபேக்கு ஏறினேன். இரண்டு மணி நேரம். இடுப்பளவு பெரணிப் புதர். ருவாரி முப்பது வருடமாக அந்தச் சரிவில் ஆடு மேய்க்கிறான், இடிந்த வீடு மூடிக்கிடக்கும் ஒவ்வொரு மேடாகத் தடியால் தட்டி, "இதொண்ணு. இதொண்ணு" என்றான். அடுப்புக் கல் தெரிந்தவை இருபத்தேழு. மீதி நாலு அகப்படவில்லை.

"உனக்கு இதெல்லாம் தெரியுமா? ஏன் சொன்னதே இல்லை?"

"நீ கேட்டதே இல்லையே."

இங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான். இறங்கும்போது அவனை விட்டுவிட்டு முன்னால் வேகமாக நடந்தேன். கோபம் அவன்மேல் இல்லை.

ஜூன் 12, வியாழன்

செய்துவிட்டேன். நிகழ்ச்சி நிரல் புத்தகத்தின் கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. முப்பத்தொரு பெயர்களையும் அதில் போட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி ஐந்துக்கு இரண்டுதானே.

பிழை திருத்தும்போது பத்தொன்பதாவது பெயரில் கை நின்றுவிட்டது. நேற்றுவரை எத்தனை முறை படித்தேன், எப்படிக் கண்ணில் படாமல் போனது? "டார்க்வில் மக்வரிஷ், மனைவி, ஏழு பிள்ளைகள்." ஓரத்தில்: "மூத்தவன் ஏறவில்லை, கடற்கரையில் தங்கிவிட்டான்."

அந்த மூத்தவனின் வம்சம்தான் நம் டார்க்வில். கொடி தூக்கிய குடும்பமாம். ஐயோ, இது அவருக்குத் தெரியுமா?

ஜூன் 26

புத்தகம் வந்தது. டார்க்வில்லும் வந்தார். வாசலிலேயே நின்று கத்தினார். "யாரைக் கேட்டுப் போட்டே? எல்லாத்தையும் எரிச்சுட்டுப் புதுசா அடி!"

"அடிக்க மாட்டேன்."

"அப்ப நான் விலகிக்கிறேன்."

"பத்தொன்பதாம் பேரைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மனிதர் முகம் தொங்கிப்போனது. மெதுவாகச் சொன்னார்: "பாத்தேன். மார்ச்லயே, நீ கூட்டத்துல நகல் குடுத்தப்பவே பாத்தேன்." காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்படியென்றால் அன்று அவர் காப்பாற்றப் பார்த்தது சர் லக்லனின் மானத்தை இல்லை.

ஜூலை 8

சர் லக்லன் விழாவுக்கு வரப்போவதில்லையாம். "வேறு அலுவல்." புத்தகம் யார் மூலமோ அவர் கைக்குப் போயிருக்கிறது. விடுதியில் அவர் பெயரைச் சொல்லி எடுத்த எட்டு அறைகளும் ரத்து. கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. ரொட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். யாரும் ஒரு வார்த்தை— சரி, போகட்டும். எனக்கென்ன. எனக்கென்னவா? நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

டார்க்வில் விலகவும் இல்லை, பேசவும் இல்லை. தகவல் எல்லாம் ருவாரி வழியாக வருகிறது. "குலத்தலைவர் வர்றதில்லைன்னு சுவரொட்டியில ஒட்டச் சொல்றார்" என்கிறான், சிரிக்காமல்.

ஜூலை 22

சுவரொட்டிகள் மேலே துண்டுத்தாள் ஒட்டினேன். ஏழு ஊர். மறுபடி.

ஆகஸ்ட் 9, சனி

பத்து மணிவரை கொட்டியது. விட்டதும் கடிக்கிற பொடிப்பூச்சி மொய்த்தது; கில்ட் பாவாடை கட்டிய ஆம்பளைகள் எல்லாரும் முழங்காலைச் சொறிந்துகொண்டே அணிவகுத்தார்கள். எதிர்பார்த்ததில் பாதிக் கூட்டம்.

கனடாக்காரர்களின் கூடாரம் ஒழுகியது. ரெட்டா அம்மாள் சின்ன உருவம், மஞ்சள் மழைக்கோட்டு. அவரும் ஆட்களும் நனைந்துகொண்டு நின்றார்கள். நடு மைதானத்தில் குலத்தலைவர் கூடாரம் விரிப்போடு காலியாகக் கிடந்தது. நான் டார்க்வில்லைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஒலிபெருக்கியில் சொன்னார்: "கேப் பிரெட்டன்லேர்ந்து வந்தவங்க நடுக் கூடாரத்துக்குப் போங்க. அது சும்மாதான் கெடக்கு." நாற்பத்து மூன்று பேரும் போய் உட்கார்ந்து, அங்கேயே சாண்ட்விச் சாப்பிட்டார்கள்.

பெயர்களை யாரும் வாசிக்கவில்லை. நான் கேட்டதற்கு ரெட்டா, "அதான் எல்லார் கையிலயும் இருக்கேம்மா" என்றார். உண்மைதான். தேநீர் வரிசையில் நின்ற ஜனங்கள் புத்தகத்தின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கள் வீட்டுப் பெயர் இருக்கிறதா என்று. கடைக்காரியும்தான்.

கயிறு இழுப்பில் கனடா தோற்றது. மோசமாக.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் அக்னாபேக்குக் கிளம்பினோம். ஏற முடிந்தவர்கள் இருபத்தாறு பேர். ரெட்டாவை ருவாரி வண்டியில் பாதிவரை கொண்டுபோய், பிறகு ஏறக்குறைய தூக்கிக்கொண்டுதான் வந்தான். "என்னை இறக்கி விடுடா, நான் ஒண்ணும் ஆட்டுக்குட்டி இல்ல" என்று அந்த அம்மாள் அவன் முதுகில் அடித்துக்கொண்டே வந்தார்.

பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் பின்னால் டார்க்வில். நேற்றைய கில்ட், நேற்றைய கோட்டு. மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். மேலே எல்லாரும் ஆளுக்கொரு கல்லைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது என் பக்கத்தில் வந்தார். ஆறு வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"பத்தொன்பது எது?"

"வீட்டுக்கு நம்பர் கிடையாதுங்க. எது யாருதுன்னு யாருக்கும் தெரியாது."

தலையாட்டினார். கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தார். கடல் தெரிகிற ஓரமாக ஒரு மேடு. அதன் முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார். ரெட்டா மெல்லப் போய் அவர் பக்கத்தில் நின்றார். "நம்ம வீட்டுக் காதுதான் உனக்கு" என்று அந்த அம்மாள் சொன்னது எனக்குக் கேட்டது. ரெட்டாவின் அம்மா வழியும் மக்வரிஷ்தானாம்.

செப்டம்பர் 2

குழு விமர்சனக் கூட்டம். ஏழு குறைகள், அதில் ஆறு என் தலையில். ராஜினாமா கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். ஆனால் குறிப்பெடுக்க வேறு ஆள் இல்லையென்று நோட்டை என் பக்கம் தள்ளினார்கள். எழுதிக்கொண்டிருந்துவிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

காலை எட்டு மணிக்கு டார்க்வில் தொலைபேசியில். "ருவாரிகிட்ட பெரணி அறுக்குற அரிவாள் இருக்கா? ரெண்டு இருந்தா ரெண்டையும் அக்னாபேக்குக் கொண்டா."

கொண்டுபோனேன். எனக்கு முன்னாலேயே மலையேறி, வீட்டுக் கத்தியாலேயே ஒரு சுவர் நீளத்துக்கு அறுத்து வைத்திருந்தார். கை முழுக்கக் கீறல். அந்தச் சுவரை ஒட்டி ஜூன் மாதம் எங்கள் கண்ணில் படாத ஓர் அடுப்புக் கல் இருந்தது.

"இருபத்தெட்டு" என்றேன்.

"பேசாம அறு" என்றார்.