துறைமுகம் இல்லாத மெட்ராஸ்

8 டிசம்பர் 2002, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக பஷீர் பாயின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கதவில் புதுத் தாள். நாங்கள் ஆடுகிற 'கோட்டை' கம்ப்யூட்டர் கேமுக்கு ஊர் முழுக்கப் போட்டி வைக்கிறார்களாம், ஜனவரி 26. ஒரு சென்டருக்கு ஒரு ஆள். எந்த மேப், எவ்வளவு படை, எதிரி எந்தப் பக்கம் என்று எதையும் சொல்ல மாட்டார்கள். கொடுத்திருப்பது ஒரே வரி: "டிசம்பர் 1758. பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸ் கோட்டையை முற்றுகையிடுகிறார்கள்." மீதியை நாமே ஊகித்து எழுதி ஜனவரி பத்துக்குள் அனுப்பவேண்டும். ஊகத்துக்குப் பாதி மார்க், ஆட்டத்துக்குப் பாதி.

மெட்ராஸ் கோட்டையாம்! ராயபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் அரை மணி நேரம். அடையாறுக்காரன் வந்து எனக்குச் சொல்லித்தரப் போகிறானா? சென்டர் சார்பில் போகிற அந்த ஒரு ஆள் நான்தான்.

டெரிக்கும் இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பான். அதே சென்டரில் ஆடுகிறவன், பக்கத்துத் தெரு, திருவொற்றியூர் ஃபேக்டரியில் அப்ரண்டிஸ். அவனுக்குக் கை வேகம். எனக்கு மூளை. (எழுதியாயிற்று. யார் படிக்கப்போகிறார்கள்.)

11 டிசம்பர்

ஆபீஸில் சுங்கத்துக்கான பில் ஆஃப் என்ட்ரி ஃபாரம் அடித்துக்கொண்டே ஊகத்தை யோசித்தேன். கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் மூன்று வருஷமாகக் கப்பல் பேர்களையே தட்டிக்கொண்டிருக்கிறேன். துறைமுகத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா? முதல் வேலை, கப்பல் செய்கிற டாக் கட்டுவது. மரம் வெட்டு, டாக் கட்டு, பன்னிரண்டு கப்பல். கடல் நம் கையில் இருந்தால் கோட்டை விழாது.

15 டிசம்பர், ஞாயிறு

டெரிக்கும் டாக்தான் எழுதியிருக்கிறான். அவனும் பன்னிரண்டு கப்பல். காப்பி அடித்தானா என்று கேட்டேன். "மெட்ராஸ்னா ஹார்பர்மே. இதுக்குப் போய் காப்பி அடிப்பாங்களா?" என்றான். அதுவும் சரிதான். இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

ஒரே ஊகம் என்றால் கை வேகக்காரன்தான் போவான். பஷீர் பாய் வாயால் சொல்லவில்லை. பார்வையே சொல்லிவிட்டது.

25 டிசம்பர்

கிறிஸ்துமஸ். கேக். கேம் இல்லை. எரிச்சல்.

29 டிசம்பர், ஞாயிறு

கடல் மறுபடி ரோட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு வீட்டுச் சுவர் போச்சு. கல் கொட்டச் சொல்லி எங்கள் ஆட்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். அப்பாவும் உட்கார்ந்தார். துறைமுகத்தில் லாஞ்ச் படகு ஓட்டுகிற என் அப்பா சிலுவைமுத்து, சம்பளம் கொடுக்கிற துறைமுகத்தையே நடுரோட்டில் திட்டுகிறார்!

"இந்த ஹார்பரைக் கட்டாம இருந்தா கடல் நம்ம வூட்டாண்ட வந்துருக்குமா? எங்க தாத்தன் காலத்துல இங்கேர்ந்து அரை மைல் மணலு!"

இந்த வசவை நான் ஆயிரம் தரம் கேட்டிருப்பேன். அப்பா பிறந்த தெருவே இப்போது தண்ணீருக்கடியில். சோறு போடும்போதுகூட அந்தப் பேச்சு வரும். நானும் ரசம் ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவேன். இன்றைக்குத்தான் உறைத்தது. ஹார்பரைக் *கட்டினார்கள்*. அப்படியென்றால் அதற்கு முன்னால் —

1758இல் ஹார்பரே இல்லை!

மூன்று வாரம் மரம் வெட்டியிருக்கிறேன். என் மூளையைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடலாமா?

4 ஜனவரி 2003, சனி

அரை நாள் லீவு போட்டு கன்னிமாரா நூலகம் போனேன். துறைமுக வேலை ஆரம்பித்ததே 1875க்குப் பிறகுதான். அதற்கு முன் கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும்; மசூலாப் படகில்தான் சரக்கும் ஆளும் கரைக்கு வரும். மழைக்காலம் வந்தால் கப்பல்கள் இங்கே நிற்பதே கிடையாது, பம்பாய்க்கு ஓடிவிடும். உதவிக் கப்பல்கள் பிப்ரவரியில்தான் வந்தன. அதுவரை கோட்டை தனியாகத் தாக்குப்பிடித்தது. பிரெஞ்சுக்காரன் பீரங்கி வைத்தது வடக்கே, கடலோரமாக. அதாவது எங்கள் பக்கம்.

என் ஊகம்: டாக் இருக்காது. கப்பலை நாம் கட்ட முடியாது, நேரம் வரும்போது அதுவாக வரும். அடி வடக்கிலிருந்து. பஷீர் பாய் என்ன சொல்லப்போகிறார்?

5 ஜனவரி, ஞாயிறு

சொல்லிவிட்டார். "நீ சொல்றது சரியாக்கூட இருக்கலாம்மா. ஆனா கடலைக் காட்டிட்டு டாக் இல்லாம எவனாவது கேம் வைப்பானா? டெரிக் ஷீட்டே போகட்டும். அவனே ஆடட்டும்."

டெரிக் சிரித்தான். "ஹார்பர் இல்லாத மெட்ராஸா? இன்னாமே, லூசாயிட்டியா?"

தனியாளாகவும் பேர் கொடுக்கலாம் என்று கதவில் ஒட்டிய தாளிலேயே போட்டிருக்கிறது. கொடுப்பேன் என்றேன். பஷீர் பாய் முகம் மாறிவிட்டது. "நம்ம சென்டருக்கு எதிரா ஆடிட்டு இங்கியே வந்து பிராக்டீஸும் பண்ணுவியா? போறதுன்னா போ. திரும்பி வராதே."

மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு அந்த சென்டர் நாற்காலிதான். அழவில்லை. அங்கே அழவில்லை. இன்னா இப்போ? எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னது தப்பா? தெரிஞ்சிகினே தப்பா எழுதணுமா? முடியாது போ!

9 ஜனவரி

அனுப்பிவிட்டேன். "சென்டர் பெயர்" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். பேனா நிப் தாளைக் கிழித்தது.

16 ஜனவரி

கம்ப்யூட்டர் இல்லாத பிராக்டீஸ். பழைய ஃபாரத்தின் பின்பக்கத்தில் கோட்டை வரைந்து, சிப்பாய்க்குப் புளியங்கொட்டை, பீரங்கிக்குப் பட்டன். வடக்கே பட்டன்களை வைத்து என்னை நானே அடித்துக்கொள்கிறேன். ஆறு தரம் கோட்டை விழுந்தது. ஆள் போதவில்லை. சுவர் உடைந்தால் அடைக்க ஆள் இல்லை. எங்கேயிருந்து ஆள் வரும்?

அப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாடி, பல்லாங்குழியா?"

25 ஜனவரி

ஊகம் தப்பானால்? ஆனால் ஆகட்டும். நாளைக்குப் போகிறேன்.

26 ஜனவரி, ஞாயிறு

பதினான்கு பேர். பெண் நான் ஒருத்திதான். பேர் பதிகிற பையன் "எந்த ஏரியா?" என்றான். ராயபுரம் என்றதும் "அங்கெல்லாம் இது ஆடுவாங்களா?" என்றான். "ஆடி முடிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன்.

மேப் திறந்தது. டாக் பட்டன் இல்லை.

இல்லவே இல்லை! இரண்டு மெஷின் தள்ளி டெரிக் திரும்பி என்னைப் பார்த்தான். அதற்குள் அவன் ஆட்கள் எல்லாரும் மரம் வெட்டப் போயிருந்தார்கள்.

கோட்டைக்கு வடக்கே பெரிய மணல்வெளி. அதில் ஒன்பது குடிசை, ஒரு மீனவக் குப்பம். பீரங்கி வரப்போகிற வழி. நூல் எதிலும் இதைப் படிக்கவில்லை, நான் ஊகிக்கவும் இல்லை. பெரும்பாலானவர்கள் முதல் நிமிஷமே கோட்டைக் கதவை மூடினார்கள். நான் மூடவில்லை. ஒன்பது குடிசை ஆட்களையும் ஒருத்தர் விடாமல் உள்ளே கூட்டிக்கொண்டுதான் மூடினேன். நான்கு நிமிஷம் வீண் என்று பின்னால் நின்றவன் சிரித்தான். அந்த ஆட்கள்தான் கடைசிவரை சுவரை அடைத்தார்கள்.

அறுபதாவது நிமிஷம் கடலில் உதவிக் கப்பல்களின் பாய்மரம் தெரிந்தது. அப்போது நின்றிருந்தவை மூன்று கோட்டைகள். ஒன்று என்னுடையது. ஊகத்தில் முதல் இடம், மொத்தத்தில் இரண்டாவது. டெரிக் இருபத்திரண்டாவது நிமிஷம் விழுந்தான்.

பேர் பதிந்த பையனிடம் போய்ச் சொன்னேன்: "ஆடுவாங்க."

30 ஜனவரி

டெரிக் வாசலில் வந்து நின்றான். "பாய் உன்ன வரச் சொன்னாரு." அவரையே வந்து கூப்பிடச் சொல் என்றேன்.

31 ஜனவரி

வந்தார். டீ குடித்தார். "நான்தாம்மா தப்பு" என்றார். அம்மா எதிரில் சொன்னார்.

2 பிப்ரவரி, ஞாயிறு

அடுத்த போட்டித் தாளில் ஆடுபவர் என்ற இடத்தில் என் பேரை பஷீர் பாயே எழுதி வைத்திருந்தார். நான் ஆடிய மெட்ராஸ் மேப்பையும் வாங்கி என் மெஷினில் போட்டிருந்தார்.

அப்பாவும் கூட வந்தார். இந்த மூன்று வருஷத்தில் சென்டருக்குள் கால் வைப்பது முதல் தரம். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்.

"அந்தக் குப்பத்து ஆளுங்க இன்னா ஆனாங்க?"

"உள்ள இட்டுகினு வந்துட்டேன், நைனா. ஒருத்தரும் சாவல."

"குடிசைங்க?"

"எரிஞ்சிபோச்சி."

"போவட்டும். மணல் எங்க கீது? காட்டு."

காட்டினேன். மஞ்சளாக, அகலமாக, கடல் ரொம்பத் தள்ளி. அப்பா குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, திரையில் ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இங்கதான் எங்க வூடு."

பஷீர் பாய் ஆட்டத்தை ஆரம்பிக்கச் சொன்னார். அப்பா விரலை எடுக்கட்டும் என்றேன்.