கண் திறந்தான் என்று சொன்னேன்

என் செல்லத் தம்பி சேவியர் சாமுவேலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ எங்களோடு இருந்தது பதினொரு நாள். அதில் நான் பள்ளிக்கூடம் போன நேரத்தையும் நீ தூங்கிய நேரத்தையும் கழித்தால் நாம் இருவரும் பார்த்துக்கொண்டது இன்னும் குறைவு. என்னை உனக்கு அடையாளம் தெரியுமா என்பதே சந்தேகம்தான். எட்டாம் வகுப்பு படிக்கிறேன். சமயநல்லூரில் அதே வீட்டில்தான் இருக்கிறோம்.

அப்பாவுக்கு இந்த வாரம் மில்லில் நைட் ஷிப்ட். அம்மா தூங்கிவிட்டாள். சிம்னி விளக்கின் திரியை இறக்கி வைத்துக்கொண்டு கணக்கு நோட்டின் கடைசித் தாள்களில் இதை எழுதுகிறேன். அம்மா புரண்டு படுத்தால் நிறுத்திவிடுவேன். இதை யாரும் படித்துவிடக் கூடாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். விஷயம் உன்னைப் பற்றியது. அதனால் முதலில் உன்னிடம்.

நீ ஞானஸ்நானம் பெறாமல் பதினொரு நாள் ஏன் இருந்தாய் என்பது உனக்குத் தெரியாது. அம்மா ஆர்.சி. அப்பா புரொட்டஸ்டண்ட். அம்மா மோட்சம் என்பாள், அப்பா பரலோகம் என்பார். சின்ன வயதில் அவை இரண்டும் வேறு வேறு ஊர்கள், நடுவில் பஸ் மாற வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர்கள் கல்யாணம் அம்மாவின் கோயிலில் நடந்தது. பிறக்கிற பிள்ளைகளை எல்லாம் அந்தக் கோயிலில்தான் வளர்ப்பேன் என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கல்யாணம் என்றார்களாம். அவர் போட்டார். எனக்கு அங்கேயே ஞானஸ்நானம் ஆயிற்று. நீ ஆண்பிள்ளையாகப் பிறந்ததும் அப்பா பேச்சை மாற்றினார்.

"மூத்தது ஒன் கோயிலுக்கு. இவன் எங்க சபைக்கு" என்றார்.

"அப்ப கையெழுத்துப் போட்டீகளே, அது என்ன மில்லு கேட்டுல போடுற கையெழுத்தா?"

"அது ஒன்னயக் கட்டுறதுக்குப் போட்டது. புள்ளைக்கா போட்டேன்?"

அம்மாவுக்கு நீ சேவியர். அப்பாவுக்கு நீ சாமுவேல். பேர் முடிவாகாததால் எல்லோரும் உன்னைத் தம்பி என்றே கூப்பிட்டோம். திருநகரில் இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா, உனக்குக் கம்பளித் தொப்பி பின்னி எடுத்துக்கொண்டு வந்தார். அத்தை இப்போது பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். அங்கே குழந்தைகளுக்கு ஞானஸ்நானமே கிடையாதாம்.

"ரெண்டு பேரும் எதுக்கு மல்லுக்கட்டுறீக? புள்ள வளரட்டும். தானா மனந்திரும்பி முழுகி எந்திரிக்கட்டும். அதுக்குப் பதினஞ்சு வருஷம் கெடக்கு."

"அக்கா, நீ சும்மா இரு. ரெண்டு கோயிலுக்கே இங்க வழியக் காணோம், மூணாவதா நீ வேற" என்றார் அப்பா. அன்றைக்கு அம்மாகூடச் சிரித்தாள்.

பதினோராவது நாள் சனிக்கிழமை. அப்பாவுக்குப் பகல் ஷிப்ட். முந்தின நாளிலிருந்தே நீ சரியாகப் பால் குடிக்கவில்லை. சூடாக இருக்கும், சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா சொன்னாள். உன் துணிகளை வாளியில் எடுத்துக்கொண்டு தெருமுனை அடிபம்புக்குக் கிளம்பினாள். "மடியில வச்சுக்கடி, பத்து நிமிசத்துல வாரேன்" என்றாள்.

அம்மா போன கொஞ்ச நேரத்தில் உன் உதடு நீலமாயிற்று. மூச்சு இழுத்தது, நின்றது, பிறகு இழுத்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஞானோபதேச வகுப்பில் உபதேசியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சாகப்போகிற பிள்ளைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம். "கொடத்துத் தண்ணி போதும், கெணத்துத் தண்ணி போதும்" என்று அவர் இரண்டு தடவை சொன்னார். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நான் முழு மார்க் வாங்கினேன்.

குடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் சோறு வடிக்கிற தண்ணீரை உன் தலையில் ஊற்ற எனக்குக் கை வரவில்லை. சாமியார் மந்திரித்த தண்ணீர்தான் வேண்டும் என்று தோன்றிவிட்டது. எங்கள் வீட்டுப் பாட்டிலில் அது தீர்ந்து போயிருந்தது. உன்னைப் பாயில் கிடத்திவிட்டு நாலு வீடு தள்ளியிருக்கும் லூர்து அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவர் மீன் அலசிக்கொண்டிருந்தார்.

"எதுக்குடி இப்படி ஓடியார?"

"அம்மா தீர்த்தம் கேட்டுச்சு."

"இரு, கை கழுவிட்டு எடுத்தாரேன். மீன் கையோட தொடலாமா?"

அவர் சோப்புப் போட்டுக் கை கழுவினார். நான் நின்றேன். நானே எடுத்திருக்கலாம். அலமாரி எங்கே என்று எனக்குத் தெரியும். ஏன் நின்றேன்?

திரும்பி வந்தபோது நீ தூங்குவது போல் இருந்தாய். நெஞ்சு ஏறி இறங்கவில்லை. நான் ஊற்றினேன். தண்ணீர் உன் காதுக்குள் போயிற்று. குளிப்பாட்டும்போது ஒரு சொட்டு காதில் போனாலே அழுது தெருவைக் கூட்டுவாய். இப்போது அசையவில்லை. வார்த்தைகளைச் சொல்லி முடித்தேன். பேரைச் சொல்ல மறந்துவிட்டேன். அம்மா வாளியோடு வாசலில் வந்து நின்றாள்.

அதற்கப்புறம் நிறையப் பேர் வந்தார்கள். யாரோ மில்லுக்கு ஆள் அனுப்பினார்கள். உபதேசியார் வந்ததும் முதலில் என்னிடம்தான் கேட்டார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளை உள்ளே புதைப்பதில்லை. சுவருக்கு வெளியே, கருவேல மரங்களுக்குப் பக்கத்தில், சிலுவை இல்லாமல் புதைப்பது அங்கே பழைய வழக்கம். வேறு ஊர்களில் இப்போது அப்படி இல்லை என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது.

"ஊத்தயில உசுரு இருந்துச்சாத்தா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள்.

"கண்ணத் தொறந்து பாத்தான்" என்றேன்.

யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானேதான் சொன்னேன். அப்போது அம்மா, "ஆமாண்ணே, நானும் பாத்தேன். வாசல்ல வாளிய வைக்கயில பாத்தேன்" என்றாள்.

"என்ன பேரு சொல்லி ஊத்துன?"

சேவியர் என்றேன். அதற்குள் அப்பா பஞ்சு ஒட்டிய தலையோடு வாசலுக்கு வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் சாமுவேல் என்றும் சேர்த்தேன். இப்படித்தான் உனக்கு இரண்டு பேர். சிலுவையில் இரண்டையும் எழுதியிருக்கிறார்கள். உன்னைச் சுவருக்கு உள்ளே வைத்தார்கள். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

அந்த வாரம் வீட்டில் உன்னைப் பற்றியே பேச்சு. உபதேசியார், "தண்ணி விழுந்துச்சுல்ல, அவன் நேரா மோட்சந்தான். இந்நேரம் சம்மனசாயி தேவதூதரோட நிப்பான்" என்றார். அப்பாவின் சபையிலிருந்து பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். தண்ணீர் ஓர் அடையாளம்தான், சின்னப் பிள்ளைகள் கர்த்தருடையவர்கள், இதில் சந்தேகமே வேண்டாம் என்றார். அத்தை இன்னும் ஒரு படி மேலே போனார்.

"தண்ணியிலயா இருக்கு? ஒரு சொட்டு ஊத்தலன்னாலும் அவன் பரலோகத்துலதான் இருப்பான். பாவம் பண்ண அவனுக்கு நேரம் ஏது மதினி?"

"ஒங்களுக்கென்ன, சொல்லிட்டுப் பஸ் ஏறிப் போயிருவீக" என்றாள் அம்மா. "ஒருவேளை அப்படி இல்லன்னா? பெத்தவ நான் என்ன செய்யட்டும்?"

மூன்று பேரும் உன்னை ஒரே இடத்தில்தான் வைத்தார்கள். காரணம்தான் வேறு வேறு. என் பொய்யை எடுத்துவிட்டால் அப்பாவின் சபையிலும் அத்தையின் சபையிலும் நீ அங்கேயே இருப்பாய். அம்மாவின் கோயிலில் மட்டும் உனக்கு இடம் போய்விடும். என் கோயிலும் அதுதான்.

ஒரு நாள் வகுப்பில் உபதேசியாரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். "ஐயா, செத்த பெறகு ஊத்துனா?"

"கல்லு மேல ஊத்துனாப்புலதான். செத்தவுகளுக்கு ஞானஸ்நானம் மாதிரி தேவதிரவிய அனுமானம் எதுவும் கெடையாது."

"அப்ப அந்தப் பிள்ளை எங்க போகும்?"

"வேதனை இல்லாத எடம் ஒண்ணு இருக்குன்னு எங்க காலத்துல படிச்சோம். ஆனா அங்க இருந்து ஆண்டவரப் பாக்க முடியாது. ஏத்தா கேக்குற?"

"சும்மா" என்றேன். பக்கத்தில் இருந்த பிலோமி என் விலாவில் இடித்தாள். "ஒன் தம்பிதான் மோட்சத்துல இருக்கான்ல. ஒனக்குச் சிபாரிசு இருக்கு. நீ எதுக்குடி பயப்படுற?"

நீ போய் நாலு மாதம் ஆகிவிட்டது. அம்மா முதல் மூன்று நாள் சாப்பிடவில்லை. நீ சம்மனசு என்று உபதேசியார் வந்து சொன்ன பிறகுதான் கஞ்சி குடித்தாள். இப்போது அவள் உனக்காக வேண்டிக்கொள்வதில்லை, உன்னிடமே வேண்டிக்கொள்கிறாள். அப்பாவின் இருமலுக்கு, என் பரீட்சைக்கு, எல்லாவற்றுக்கும் உன் பேரைத்தான் சொல்கிறாள். அது உன் காதில் விழுகிறதா? விழாத இடத்தில் இருக்கிறாயா?

இந்த ஞாயிற்றுக்கிழமை பிஷப் வருகிறார். எனக்கு உறுதிபூசுதல், நெற்றியில் எண்ணெய் பூசி விசுவாசத்தை உறுதிப்படுத்துவார். அதற்கு முந்தின நாள் நாங்கள் எல்லோரும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். ஒரு பாவத்தைத் தெரிந்தே மறைத்துவிட்டு உறுதிபூசுதல் வாங்கினால் அது தேவதுரோகம். சாமியாரிடம் சொன்னால், உன்னைத் தோண்டி எடுத்து வெளியே வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்று படித்திருக்கிறேன். ஆனால் சொல்லாமலே அவர் ஏதாவது செய்யலாமா? இதை யாரிடம் கேட்பது?

இவ்வளவு நாளும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. அம்மாவும் பார்த்தேன் என்று சொன்னாளே. நான் உன் தலையையும் தண்ணீரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து பார்த்த அம்மாவுக்கு உன் கண் தெரிந்திருக்கலாம். ஒரு நொடி நீ விழித்திருக்கலாம். நான் சொன்ன பொய் எனக்குத் தெரியாமலே நிஜமாக இருக்கலாம்.

இன்றைக்குச் சாயங்காலம் அம்மா எனக்கு வெள்ளை கவுன் அளவு பார்த்தாள். என்னை நிற்கவைத்து, கீழே உட்கார்ந்து ஓரம் மடித்துத் தைத்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே கேட்டாள்.

"நீ ஊத்தயில நெசமாவே கண்ணத் தொறந்தானாடி?"

"நீதானம்மா பாத்தேன்னு சொன்ன."

அம்மா நாலைந்து தையல் போட்டாள். "நீ சொன்ன. அதான் நானும் சொன்னேன்" என்றாள்.

நாலு மாதம் நான் அவள் மேல் சாய்ந்து நின்றிருக்கிறேன். அவள் என் மேல் சாய்ந்து நின்றிருக்கிறாள். சாய்வதற்குச் சுவர் என்று ஒன்று இல்லவே இல்லை, தம்பி.

"தொறந்தான்மா" என்றேன். "ம்" என்றாள். பிறகு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கச் சொன்னாள். கோத்துக் கொடுத்தேன்.

இன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்ததில் ஒன்று தெரிந்தது. இந்த வீட்டில் நிஜத்தைச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர் இருக்கிறார். அப்பா. அவருடைய சபையில் உனக்குத் தண்ணீரே தேவையில்லை. நீ கண்ணைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அவர் மனதில் நீ இருக்கும் இடம் மாறாது. அவருடைய சபையும் அம்மாவின் கோயிலும் போட்ட சண்டையில்தான் நாள் போயிற்று என்று எனக்கு இரண்டின் மேலும் கோபம் உண்டு. இன்னும் போகவில்லை. ஆனால் அந்தச் சண்டை இல்லையென்றால் இன்றைக்கு இதைச் சொல்ல எனக்கு ஆள் இருந்திருக்காது.

பயம் இல்லாமல் இல்லை. என்றைக்காவது கோபத்தில் அப்பா இதை அம்மா முகத்தில் வீசிவிட்டால்? முன்பென்றால் வீசியிருப்பார். நீ போனதிலிருந்து அவர் சண்டை போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் சபைக்கும் போவதில்லை. எங்களைக் கோயிலில் விட்டுவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார். பூசை முடிகிறவரை உன் சிலுவைக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்கிறாராம். லூர்து அக்கா பார்த்துவிட்டுச் சொன்னார். அப்படி நிற்கிற மனிதர் உன்னை வெளியே எடுக்க யாரையும் விடமாட்டார் என்று நினைக்கிறேன்.

காலையில் மில் சங்கு ஊதியதும் தெருமுனைக்குப் போய் நிற்பேன். அப்பா வீடு வந்து சேருவதற்குள் சொல்லிவிடுவேன். சனிக்கிழமை சாமியாரிடமும் சொல்வேன், அப்பாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு. அம்மா மறுபடி கேட்டால் என்ன சொல்வது என்பதை அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். அது எனக்குத் தெரியவில்லை.

உனக்கு நான் கொடுக்கும் வாக்கு ஒன்றுதான். ஒரு நாள் நானும் சாவேன். என்னை மோட்சத்தில் சேர்த்தால் முதலில் உன்னைத் தேடுவேன். அங்கே நீ இல்லையென்றால், நீ இருக்கும் இடத்துக்கு என்னை அனுப்பச் சொல்லிக் கேட்பேன். ஆண்டவரைப் பார்க்க முடியாத இடமாக இருந்தாலும் வருவேன். உன்னைப் பாயில் தனியாக விட்டுப் போனவள் நான். இன்னொரு தடவை விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்த ஒரே அக்கா,
ஜெசிந்தா