ஓமம் போட்ட தட்டை வடை

மார்கழி 3, ஞாயிறு

அம்மா சுட்ட தட்டை வடை இன்று கொழும்புக்கு, வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தது. அம்மா செத்துப் பதினொரு நாள்.

சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருப்பதால் நான் செத்தவீட்டுக்கும் போகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த எங்கள் ஊர் ரீச்சர்தான் பின்னேரம் கதவைத் தட்டி, தட்டை வடை நிறைந்த ஒரு பால்மா ரின்னை நீட்டினா.

"கப்பலுக்கு மூண்டு கிழமை காத்துக் கிடந்தனான், பிள்ளை. கொம்மா சுகமா இருக்கேக்க தந்தவ. உனக்கு வாயுத் தொல்லையாம், ஓமம் கூடப் போட்டிருக்கு எண்டு சொல்லச் சொன்னவ."

வாயு என்று அம்மாவுக்குச் சொன்னது நான்தான். சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடித்துத் தோள்வரை ஏறும் வலியும், கசப்பாக வாயால் எடுக்கும் சத்தியும் பித்தப்பைக் கல்லால் வருபவை என்று ஸ்கானில் தெரிந்து நாலு மாதமாகிறது. ஒப்பரேஷன் என்று சொன்னால், பக்கத்தில் வந்து நிற்க வழியில்லாமல் அங்கே கிடந்து அழுவா. அதனால் போனில் ஒவ்வொரு முறையும், "வெறும் வாயு அம்மா, பயப்பிடாதேங்கோ" என்றேன்.

எண்ணெயில் பொரித்த எதையும் தொடக்கூடாது என்பது டொக்டரின் கண்டிப்பான சொல். ரீச்சர் போனதும் ரின்னைத் திறந்தேன். ஓம வாசம் முகத்தில் அடித்தது. ஒன்று தின்றேன். பிறகு இன்னும் இரண்டு.

வலி இப்போது தோளுக்கு ஏறிவிட்டது. சத்தி தொண்டைவரை வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா கையால் சுட்டது. வெளியே போக விடமாட்டேன்.