விறகை மூடிய பனர்

அடியே,

இன்று காலை அடுப்புக்குப் பாளை எடுக்கப் போனேன். மழைத்தண்ணீர், விறகை மூடிய பிளாஸ்டிக் பனரின் மடிப்பில் தேங்கி நின்றது. தட்டி ஊற்றிவிட்டு ஒரு நுனியைத் தூக்கினால், அடிப்பக்கத்தில் அச்சடித்த படத்தில் நீ சிரிக்கிறாய். உன்னைக் கவிழ்த்துத்தான் போட்டிருக்கிறேன். நிமிர்த்திப் போட்டால் எனக்கு விறகெடுக்க மனம் வராது.

உன் மகன் படம் கேட்ட நாள் நினைவிருக்கிறதா? கனடாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், அதுவும் கார் ஓட்டிக்கொண்டே கதைக்கிறவன், அன்று வேலை நாளில் அழைத்திருக்கிறான். போனைத் தூக்கிக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து என்னிடம் ஓடி வந்தாய்.

"எடி, உவன் என்ரை படம் கேக்கிறான். வடிவாச் சீலை கட்டி, தனிய நிண்டு, சிரிச்சபடி எடுத்து அனுப்பட்டாம். பிள்ளையளுக்குக் காட்ட வேணுமாம்."

மாம்பழநிறச் சீலை கட்டினாய். செவ்வரத்தைக்குப் பக்கத்தில் போய் நின்று, பள்ளிக்கூடப் படத்துக்கு நிற்கிறவள் மாதிரி முகத்தை இறுக்கி வைத்தாய். "பொம்பிளை பாக்க ஆரடி வருகினம்?" என்று கேட்டேன். "பொத்தடி வாயை" என்று சொல்லிச் சிரித்தாய். அப்போதுதான் போனில் படத்தை அமத்தினேன். அந்தச் சிரிப்பு என் பகிடிக்கு நீ சிரித்தது. வேறு எவருக்கும் அதில் பங்கில்லை.

உன் இதயம் பழுதென்று வைத்தியர் அவனிடம் போனில் சொல்லியிருந்தது அன்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பிறகு ஒருநாள் மூச்செடுக்க முடியாமல் யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். தப்பமாட்டாய் என்றுதான் ஊரே கதைத்தது. நீயோ அடுத்த நாள் கட்டிலில் எழும்பி இருந்து, நான் கொண்டுவந்த இடியப்பத்துக்குச் சொதி காணாது என்று குறை சொன்னாய். உன் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. "என்னெண்டு பாரடி, கனடாவிலை ஏதும் நடந்திட்டுதோ" என்று பதறினாய். பார்த்தேன். போனைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். நீயே பறித்துப் பார்த்தாய்.

பேஸ்புக்கில் எங்கள் ஊர்ப் பக்கத்தில் நீ இறைவனடி சேர்ந்திருந்தாய். மாம்பழநிறச் சீலை, செவ்வரத்தை, என் பகிடிக்குச் சிரித்த சிரிப்பு. சுற்றிவரக் கறுப்புக் கரை.

இடியப்பக் கையைத் துடைக்காமலே முழுவதையும் வாசித்தாய். வேலிக் கதியாலைத் தள்ளி நட்டுவிட்டாய் என்று உன்னைக் கோட்டுக்கு இழுத்தவள் "என் உடன்பிறவாச் சகோதரியே" என்று எழுதியிருந்தாள். அவசரத்தில் ஒருத்தி "வாழ்த்துகள்" என்றும் போட்டிருந்தாள். "செத்தாத்தான் எனக்கு இவ்வளவு சொந்தமடி" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரி எங்களை விசரிகள் என்று நினைத்திருப்பாள்.

பக்கம் நடத்துகிற பெடியன் வராமலே விட்டிருந்தால் அந்தச் சிரிப்போடு முடிந்திருக்கும். அவன் வேர்த்து விறுவிறுத்து வந்து உன் காலடியில் நின்றான்.

"அன்ரி, என்னிலை பிழையில்லை. கனடா அண்ணைதான் படமும் அறிவித்தலும் முதலே அனுப்பி வச்சவர். தான் சொல்லேக்க போடச் சொன்னவர். உங்களுக்கு வருத்தம் கடும் எண்டு கேள்விப்பட்டன். மற்றப் பக்கக்காரன் முந்தியிடுவான் எண்ட பயத்திலை போட்டிட்டன்."

நீ அவனை ஏசவில்லை. "எப்ப அனுப்பினவர்?" என்று மட்டும் கேட்டாய். அவன் சொன்னான். நீ படம் அனுப்பிய அதே கிழமை.

அன்று பின்னேரம் உன் மகன் அழைத்தான். "அம்மா, அது ஆரோ விசரன் போட்டது. நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ."

"ஓம் தம்பி, ஆரோ விசரன்தான்" என்றாய்.

போனை வைத்த பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "பிள்ளையளுக்குக் காட்டத்தான் கேக்கிறான் எண்டு நினைச்சிட்டன்." மிச்ச இடியப்பத்தை நான் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன்.

ஆசுபத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு ஓட்டோவில் வந்தபோது எங்கள் சந்தியில் உன் கண்ணீர் அஞ்சலிப் பனர் கட்டியிருந்தது. ஓட்டோவை நிற்பாட்டி, கட்டியவர்களைக் கொண்டே அவிழ்ப்பித்தாய். "என்ரை முகம்தானே, எனக்குத்தான் உரித்து. விறகு மூட உதவும்" என்று மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். உன் வாய்க்கு ஊரில் நிகரில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் அழைக்கிற ஒவ்வொரு ஞாயிறும் "எப்ப வருவாய்?" என்று நீ கேட்டதையும் நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். "லீவு கிடைச்சா வாறன் அம்மா." கிடைக்கவில்லை.

மாரியில் உண்மையாகவே போய்விட்டாய். அதே பெடியன் அதே படத்தைத் திரும்பவும் போட்டான். இந்தமுறை ஒருவரும் அழவில்லையடி. "இது பழைய செய்தி, இவர் உயிரோடு இருக்கிறார், வதந்தி பரப்பாதீர்கள்" என்று எவரோ எழுதியதற்குத்தான் கூடுதல் லைக். கதியால்காரி செத்தவீட்டுக்கும் வரவில்லை. வழியில் கண்டு கேட்டதற்கு, "நான் முந்தியே எழுதிப்போட்டனே" என்றாள்.

புதுப் பனர் அடிக்க மழையில் ஒருவரும் போகவில்லை. என் கண்ணுக்கு முன்னால் உன் விறகிலிருந்து பழையதை இழுத்தெடுத்து, கழுவி, திகதிக்கு மேல் கடதாசி ஒட்டிச் சந்தியில் கட்டினார்கள்.

செத்தவீட்டன்று உன் மகன் வீடியோ அழைப்பில் போனுக்குள் நின்றான். உன் முகத்துக்கு நேரே ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான். நாங்கள் உன்னைச் சுற்றியிருந்து குழறி அழுதபோது போனுக்குள்ளிருந்து குரல் வந்தது: "ஐயர் சொல்லுறது கேக்கேல்லை. அழுகிற சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கோ." குறைத்தோம். அவனும் அழவில்லை என்று சொல்லமாட்டேன். வாய்க்கரிசி போடும்போது இணைப்பு சிக்கிப் படம் நின்றுவிட்டது. வாயைப் பிளந்தபடி நின்ற அவன் முகம் நீ இடுப்பில் தூக்கித் திரிந்த குழந்தையின் முகமாகவே இருந்தது. அன்று அவன்மேல் இரக்கப்பட்டேன். அடுத்த மாதம் ஆள் விட்டு உன் வீட்டு முகப்பில் கமரா பூட்டுவித்தான். விளக்கு வைக்கச் செவ்வரத்தைப்பூ ஆய நான் போனதும் போன் அடித்தது. "அன்ரி, ஆரோ வளவுக்குள்ளை நிக்கினம், ஒருக்காப் பாருங்கோ." இப்போது ஒவ்வொரு நாளும் பார்க்கிறானாம், உன் வீட்டை.

பனரோ, செத்தவீட்டுக் கிழமை முடிந்ததும் என்னிடம் வந்துவிட்டது. மற்றவர்களின் கையில் உன்னைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஏன் இன்று இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், நேற்று லண்டனிலிருந்து என் மகள் செய்தி அனுப்பியிருக்கிறாள். "அம்மா, வடிவா ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. சின்னவள் அம்மம்மாவைக் கேக்கிறாள்."

அவள் நல்ல பிள்ளை. சின்னவள் உண்மையாகவே கேட்டிருப்பாள். ஆனால் வாசித்த உடனே என் கை நெஞ்சைத்தான் தடவிப் பார்த்தது. போன மாதம் நான் வைத்தியரிடம் போனது அவளுக்குத் தெரியும். எனக்குச் சொல்லாத ஏதும் அவளுக்குச் சொல்லியிருப்பார்களோ? பெற்ற பிள்ளையைச் சந்தேகிக்க வைத்துவிட்டுப் போய்விட்டாயடி. உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்த சொத்து இதுதான்.

இன்று காலை விறகுக்குப் பக்கத்தில் நின்று நானே ஒன்று எடுத்தேன். தலை வாரி இழுக்கவில்லை. சட்டையில் கரி. இதை எவனும் பனரில் போடமாட்டான் என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"உது வேண்டாம் அம்மா. சீலை கட்டி, சிரிச்சபடி ஒண்டு எடுங்கோ."

சீலை கட்டலாம். சிரிக்க வைக்கத்தான் நீ இல்லை.