நல்ல வேலை யாருக்கு நல்லது என்று கேட்டாய்

இன்று அலோர் ஸ்டார் புத்தகக் கடையிலிருந்து தபாலில் ஒரு புத்தகம் வந்தது. 'நல்லது' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று ஓர் ஆங்கிலேயத் தத்துவப் பேராசிரியர் ஆராய்ந்திருக்கிறார். அது பேசுகிறவனின் விருப்பத்தைக் காட்டும் சத்தம் மட்டுமே என்பவர்களை மறுக்க, பழைய கிரேக்கர்களிடம் திரும்பிப் போகிறார். கத்தியின் வேலை வெட்டுவது. நன்றாக வெட்டினால் நல்ல கத்தி. மனிதனுக்கும் அப்படி ஓர் அளவு உண்டாம். கோபத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன். இதைத்தானே நீ அன்றைக்கே சொன்னாய்?

ஜப்பான்காரன் வந்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபின், குருண் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆபீசில் நாம் இருவரும் கணக்கெழுதும் சின்னக் கிராணிகள். துரை பங்களாவில் கிடந்த கிரேக்க அறநூலை எடுத்துவந்து, மரவள்ளிக்கிழங்கை மென்றபடி எனக்கு விளக்குவாய். நான் சிரிப்பேன்.

"நல்லதுன்னா எனக்குப் புடிச்சிருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான் லா."

"அப்ப ஜப்பான்காரனுக்குப் புடிச்சதெல்லாம் நல்லதா? பால் வெட்டுற கத்தி மரத்தைப் புண்ணாக்கினா, யாருக்குப் புடிச்சாலும் அது மோசமான கத்திதாண்டா."

ஒரு நாள் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில், ஆட்கள் வரிசையாக நின்றபோது, பெரிய கிராணி உரக்கச் சொன்னார்: "சயாம்ல ரயில் பாதை போடுறாங்க. நல்ல வேலை, நல்ல சாப்பாடு. மூணே மாசம்." பக்கத்தில் ஜப்பானிய அதிகாரி. நீ மட்டும் முன்னால் போனாய்.

"நல்ல வேலைன்னா யாருக்கு நல்லதுங்க ஐயா? போன தடவை போனவங்க ஒருத்தரும் திரும்பலையே?"

அவர் முகம் கறுத்தது. என் பக்கம் திரும்பினார். "இவன் பேரை மொதல்ல எழுது."

எழுதினேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். மறுநாள் லாரியில் ஏற்றிப் போனார்கள். போர் முடிந்து திரும்பிய ஒருவர்தான், காலராவில் நீ செத்ததைச் சொன்னார்.

பெரிய கிராணி பேரப்பிள்ளைகள் சூழக் கட்டிலில் செத்தார். "நல்ல மனுசன்" என்றது ஊர். அந்தச் சொல்லை அவர்கள் வாயிலிருந்து பிடுங்கி எறியத் தோன்றியது. எறியவில்லை. நானும் மாலை போட்டுவிட்டு வந்தேன்.

உன் பேரை எழுதிய அன்று, சயாமுக்குப் போகிறவர்கள் பட்டியலை முடித்ததும் அவர் என் தோளைத் தட்டினார்: "நல்ல கையெழுத்துடா உனக்கு." பொய்யில்லை. ஒரு பெயர்கூடச் சிதையாமல், எல்லாரையும் தேடிப் பிடிக்கும்படி எழுதியிருந்தேன். கையெழுத்து நல்லதுதான்.

எழுதியவன் நல்லவன் இல்லை. எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது உண்மைடா.